கூல் ரூமில் வைத்த பெட்டி

கோழி வெட்டும் கத்தி மடிக்கணினியின் திரையைப் பிளந்துகொண்டு மேசையில் இறங்கியது. கண்மூடித் திறப்பதற்குள் ஹபீலா விரல்களை இழுத்திருந்தாள். இல்லாவிட்டால் இரண்டு விரல் போயிருக்கும்.

"இப்ப செல்லு பாப்பம். எங்க ஈக்கி ஒன்ட கிளவுட்?" என்றான் ஸிபான்.

அவன் அவளுடைய நானா, மூத்த அண்ணன். வெட்டும் கூடத்திலிருந்து நேரே மாடி ஏறி வந்திருந்தான். காலில் போட்டிருந்த கம்பூட்டில் இரத்தமும் இறகும் ஒட்டியிருந்தன. கத்தியை அவன் விட்டுவிட்ட பிறகும் அது மேசையில் குத்தி நின்றது.

எதிர்க் கதிரையில் இருந்த வாப்பா, மக்கீன் ஹாஜியார், கத்தியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"தேக்கு மேச மகன். வேற எங்கயாச்சும் கொத்தீக்கலாம்."

மகளின் விரல்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஹபீலா அன்று இரண்டே இரண்டு வசனம்தான் பேசியிருந்தாள். மூன்று கடைகளின் ஓடர்களும் பில்களும் ஒரே சேர்வரில் ஓடுகின்றன, அந்தப் பெட்டி நின்றால் எல்லாக் கடைகளும் நின்றுவிடும் என்பது ஒன்று. பேராதனையில் நாலாவது கடை திறக்கும் முன்னால் எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிட்டால், எந்தக் கடையும் இருந்த இடத்திலிருந்தே வேலை செய்யலாம் என்பது மற்றது. விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவள். கணக்காக யோசிப்பாள். வாயைத் திறந்தால் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"மழ வந்து ரோடெல்லாம் இடிஞ்சி விழுந்திச்சே, மறந்திட்டா?" ஸிபான் வாப்பாவிடம் திரும்பினான். "போன் இல்ல, நெட் இல்ல. ஊரே செத்துக் கெடந்திச்சி. ஜெனரேட்டரப் போட்டு, இந்தப் பெட்டிய வச்சித்தான் நாங்க கட தொறந்த. கிளவுட நம்பி ஈந்தா கோழியெல்லாம் ஆத்துலதான் போட்டீக்கணும்."

அது உண்மைதான். அதற்குப் பதிலும் அவளிடம் இருந்தது. ஒவ்வொரு கடையிலும் சின்னதாக ஒரு பிரதி வைக்கலாம், லைன் வந்ததும் அது தானாகப் போய்ச் சேரும். அந்தப் பதில் வெளியே வரவில்லை.

"அந்தக் கலவர வருஷம் மாதிரி திரும்ப வந்து பெட்டி எரிஞ்சா என்ன செய்யிற மகன்?" என்றார் வாப்பா.

"அண்டு கட எரியல்லயே. ஏன் எரியல்ல?" ஸிபான் நெற்றியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினான். "கட வாசல்ல கத்தியோட நின்டது நான். இந்தக் கல்லு வந்து பட்டது எனக்கி. ஒங்கட கிளவுடா வந்து நின்டிச்சி?"

அதுவும் உண்மை. அந்த ஆண்டு கட்டுகஸ்தோட்டைக் கடையைக் காப்பாற்றியது அவன்தான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே சட்டம்: எது நம்முடையதோ அதன் முன்னால் கத்தியோடு நிற்க முடிய வேண்டும். நிற்க முடியாத இடத்தில் இருப்பது நம்முடையதல்ல.

மக்கீன் ஹாஜியார் தாடியைத் தடவினார். "பாப்பம்," என்றார்.

அந்த வீட்டில் எந்தக் காரியமும் 'பாப்பம்' என்ற சொல்லில் விழுந்தால் எழுந்து வருவதில்லை.

சேர்வர் இருந்த இடம் கூல் ரூம். அதுவும் ஸிபானின் முடிவுதான். பெட்டியை விற்றவர் இதற்கு ஏசி அறை வேண்டும் என்று சொல்லப்போக, "எங்கட கூல் ரூம விடக் குளிர் கண்டியில எங்க ஈக்கி?" என்று அன்றே தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டான். வாப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. தோலுரித்த கோழிகள் வரிசையாகத் தொங்கும் அறையின் மூலையில், இரும்புத் தட்டில், பொலித்தீன் போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கதவு திறக்கும் போதெல்லாம் வெளிச் சூடு உள்ளே போகும். பெட்டியின் மூடியில் நீர் துளிர்க்கும். ஒரு வருஷத்தில் ஆணிகள் துருவேறின. இன்னும் எத்தனை நாளைக்கு என்று ஹபீலாவுக்குத் தெரியாது. அதிக நாளில்லை என்று மட்டும் தெரியும்.

ஸிபான் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனான். வாப்பா அஸர் தொழுகைக்குப் போனார். அவள் தனியே உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

டொக், டொக், டொக்.

மேசை விளிம்பில் விரல் முட்டியால் மூன்று தட்டு. அது சுரேஸ். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட அவனுக்குக் கூச்சம். வந்தால் இப்படித்தான் தட்டுவான்.

"கத்தி தீட்ட ஆள் பாக்கச் சொன்னாரு சின்ன முதலாளி," என்றான். "லெப்டாப்புலயே நல்லாத் தீட்டிக்கிட்டாருன்னு சொல்லிடவா மிஸ்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையில் கண்ணாடி குத்தியிருந்தது.

சுரேஸ் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருகிறவன். கம்பியூட்டர் வேலைக்கென்று எடுத்தார்கள். தராசு, கமெரா, ஜெனரேட்டர் எல்லாம் அவன் தலையில் ஏறி வருஷம் நாலாகிறது. கூல் ரூம் பெட்டியைத் துடைக்கிறவனும் அவன்தான். அதற்கு ஒரே நேரம் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை. அந்த நேரம் மூன்று கடைகளும் சாத்திக் கிடக்கும். வெட்டும் கூடத்து ஆட்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கீழே அவனும், மேலே அவளும் மட்டும்தான்.

"சுரேஸ், நாங்களே ஏத்திடுவமா?" என்றாள் மெல்ல. "ஜும்மா நேரத்துல. ரெண்டு வெள்ளிக்கெழம போதும். எல்லாம் போய்ச் சேந்த பொறகு வாப்பாட்ட காட்டினா அவர் ஒண்டும் செல்ல மாட்டார்."

சுரேஸ் சிரிப்பை நிறுத்தினான். "சின்ன முதலாளிக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா உடமாட்டார்."

"அவருகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க மிஸ். நான் சொன்னா வாய் பேசாது, கைதான் பேசும். நீங்க தங்கச்சி. திட்டுனாலும் கேட்டுக்குவாரு. உங்க பேரச் சொல்லிக்கிட்டு நான் தைரியமா உள்ள போவேன்."

"செல்றன்," என்றாள் ஹபீலா.

முதல் வெள்ளிக்கிழமை பாதி ஏறியது. ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் நானாவிடம் பேச வாய் எடுத்தாள். சோற்றுத் தட்டின் முன்னால் ஒருமுறை, வேனில் ஒருமுறை. அவன் நிமிர்ந்து "என்ன?" என்று கேட்டதும், "ஒண்டுமில்ல" என்று வந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சுரேஸ் மேசையைத் தட்டினான்.

"சின்ன முதலாளிகிட்ட சொல்லிட்டீங்கதானே மிஸ்?"

ஹபீலா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்பாடா," என்றான் சுரேஸ். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். "இன்னைக்கு முடிச்சிருவோம். கோழிங்களுக்கும் நமக்கும் இனிமே பேச்சுவார்த்த இல்ல."

அவன் இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூல் ரூம் கதவின் உள்கைபிடி உடைந்து மாதக்கணக்காகிறது. உள்ளே போகிறவர்கள் கதவுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கூடையைத் தள்ளுகிற சத்தம் மேலே கேட்டது.

அவளுடைய மாற்று மடிக்கணினியின் திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டது. கீழே இருக்கிற பெட்டியிலிருந்து எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தன. மூலையில் ஒரு பச்சைப் புள்ளி: சேர்வர் இருக்கிறது. தூரத்துப் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் ஓதுகிற சத்தம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. கழுவிவிட்ட வெட்டும் கூடத்தில் எங்கோ தண்ணீர் சொட்டியது.

முற்றத்தில் வேன் வந்து நின்றது.

ஹபீலாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். நானா எப்போதும் பிரேக்கை ஓங்கி மிதிப்பான். ஜன்னலால் பார்த்தாள். வெள்ளைச் சேட்டு, இடுப்பில் வெள்ளைச் சாரம், பச்சைப் பெல்ட். தலையில் தொப்பியில்லை. தொப்பியை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறான். அது வெட்டும் கூடத்து ஆணியில் தொங்குகிறது. கூல் ரூம் கதவுக்குப் பக்கத்து ஆணி.

கதவு கூடையோடு திறந்து கிடக்கும்.

அவள் எழுந்தாள். மாடிப்படி வரை போனாள்.

"என்னடா புடுங்கிற?" கீழே ஸிபானின் குரல்.

சுரேஸ் ஏதோ சொன்னான். குரலில் பயமே இல்லை. சிரித்துக்கொண்டே சொல்கிற குரல்தான். பிறகு இரும்பு எதிலோ மோதுகிற சத்தம். கத்தி தீட்டும் இரும்புத் தடி. அதன் சத்தத்தை அந்த வீட்டில் பிறந்த எவரும் தூக்கத்திலும் அறிவார்கள். இரண்டாவது அடி இரும்பில் விழவில்லை. அதன் சத்தம் வேறுமாதிரி இருந்தது.

"முதலாளி! முதலாளி, மிஸ்ஸக் கேளுங்க! மிஸ் உங்ககிட்டச் சொல்லிட்டாங்க!"

ஹபீலாவின் கை மாடிப்படிக் கம்பியைப் பிடித்திருந்தது. ஒரு படி இறங்கினால் போதும், அவளுடைய கால் தெரியும். "நானா" என்று ஒரு சொல் போதும்.

"மிஸ்ஸக் கேளுங்க!"

மறுபடியும் அதே சத்தம். மறுபடியும். பிறகு சுரேஸின் குரல் இல்லை. கூடை உருள்கிற சத்தமும், கனத்த கதவு மூடுகிற சத்தமும் கேட்டன.

அவள் இறங்கவில்லை.

ஸிபான் மேலே ஏறி வந்தான். கையைக் கழுவியிருந்தான். சேட்டின் இடது கை முழங்கை வரை நனைந்திருந்தது. அவன் அவளைப் பார்த்த பார்வை கோபமாகக் கூட இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நீ எனக்கிட்டச் சென்னியாமே. எப்ப சென்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அவன் அறைந்தான். அவள் தலை அலுமாரியில் மோதியது. காதுக்குள் ஒரு விசில் ஊதத் தொடங்கியது.

"எங்கட கடையக் களவெடுத்து வெள்ளக்காரன்ட கையில குடுக்கப் பாக்கிற. ஒரு தோட்டத்துக்காரன வச்சி. என்ட கூல் ரூமுல."

"சுரேஸ்..."

"ஓடிட்டான் நாய். நாலு குடுத்தேன், பின் கதவால ஓடிட்டான். இனி இந்தப் பக்கம் வந்தா காலை முறிப்பன்டு செல்லு." பெல்ட்டில் புதிதாக ஒரு சாவி தொங்கியது. "கூல் ரூமுக்குப் பூட்டுப் போட்டீக்கி. நீயும் அந்தப் பக்கம் வராத."

தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்தான். "தொழுகைக்கு நேரமாவுது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஓடிவிட்டான். ஹபீலா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். சுரேஸ் ஓடக்கூடியவன்தான். மலைப் பாதையில் ஏறி இறங்கி வளர்ந்தவன். இந்நேரம் பஸ்ஸில் இருப்பான். ஹந்தானைக்குப் போய்ச் சேருவான், அம்மா மஞ்சள் வைத்துக் கட்டுவாள். அவனுடைய போனுக்கு எடுத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் இருக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

திரையில் கோடு பாதியில் நின்றிருந்தது. மூலையில் புள்ளி சிவப்பு. அடிக்கிற அடியில் வயர் கழன்றிருக்கும்.

ஜும்மா கலைந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள். கீழே இறகு பிடுங்கும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. கூடவே அவள் போனும் அலறியது. கட்டுகஸ்தோட்டைக் கடையின் காசாளர் ரிஸ்கான், அவளை அக்கா முறையில் 'தாத்தா' என்று கூப்பிடுகிறவன்.

"தாத்தா, ஸ்க்ரீன் செத்துக் கெடக்குது. சனம் நெரியுது இங்க. ஒரு மனிசி கோழிய என்ட மூஞ்சிக்கே எறியப் பாக்குறா."

"கையால எழுதிக் குடுங்க தம்பி."

"கையால எழுதினா... ஆ, இருங்க, வந்திட்டு! அல்ஹம்து... இல்ல, பெய்த்திட்டு. வந்திட்டு. என்ன தாத்தா இது, கண்ணடிக்கிற மாதிரி?"

அவள் தன் திரையைப் பார்த்தாள். புள்ளி பச்சை. சிவப்பு. பச்சை. சிவப்பு. பச்சை. சிவப்பு.

பிறகு நெடுநேரம் சிவப்பு.

கழன்ற வயர் ஆடுகிறது என்று நினைத்தாள். கூல் ரூமில் காற்றாடி இருக்கிறது, காற்றில் ஆடலாம்.

பச்சை. பச்சை. பச்சை. மூன்று தரம் வந்து போனது. நெடுநேரம் சிவப்பு.

ஹபீலா மேசையின் விளிம்பைப் பார்த்தாள். தேக்கில் கத்தி இறங்கிய பள்ளம் இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் அவன் தட்டுவான்.

போன் கையிலிருந்து விழுந்தது. "தாத்தா? தாத்தா?" என்று அது தரையில் கிடந்து கூப்பிட்டது.

அவள் படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. வெட்டும் கூடத்தில் தரை ஈரமாக இருந்தது. நாலு பேர் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஸிபான் கழுத்து வெட்டும் தொட்டியருகில் நின்றான். வெள்ளைச் சேட்டின் மேல் ரப்பர் ஏப்ரன்.

"நானா, சாவி."

இயந்திரத்தின் இரைச்சலில் அவளுக்கே அது கேட்கவில்லை. கிட்டப் போனாள்.

"சாவியத் தாங்க. சுரேஸ் உள்ள ஈக்கான்."

"ஓடிட்டான்டு சென்னேன்."

அப்படிச் சொன்னபோது அவனுடைய கண் கூல் ரூம் கதவுக்குப் போய் வந்தது. ஒரு நொடிதான். ஹபீலா அதைக் கண்டாள். அவனுக்குத் தெரியும். உள்ளே ஒரு மனிதன் கிடப்பதைத் தெரிந்துகொண்டே பூட்டிவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு, ஸப்பு வரிசையில் நின்று தொழுதுவிட்டு வந்திருக்கிறான்.

"பெட்டிய எடுக்க நடிக்காத. மேல போ."

அவள் சுவருக்குப் போய் மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே போட்டாள்.

இயந்திரம் முனகிக்கொண்டு நின்றது. கூடத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

கனத்த கதவுக்கு அப்பாலிருந்து மெல்ல, வெகு மெல்லக் கேட்டது.

டொக். டொக்.

மூன்றாவது வரவில்லை.

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவர், "முதலாளி, தொறங்க முதலாளி, ஆளொண்டு ஈக்கி," என்று ஒரு எட்டு முன்னால் வந்தார். ஸிபான் கத்தியை அவர் வயிற்றுக்கு நேரே நீட்டினான்.

"என்ட எடம் இது. எவன்டாலும் கிட்ட வந்தா கோழிக்கும் ஒனக்கும் வித்தியாசம் பாக்க மாட்டன்."

அவர் நின்றுவிட்டார். எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஸிபான் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. கதவைத் திறந்தால் என்ன கிடக்கும் என்று அவனுக்குப் பயம். அது ஹபீலாவுக்கு விளங்கியது. அந்தப் பயத்தில் அவன் இன்னொரு மணித்தியாலம் அந்தக் கதவின் முன்னால் கத்தியோடு நிற்பான். உள்ளே தட்டுகிறவன் அதுவரை தட்டமாட்டான்.

வெட்டுக் கட்டையில் மாட்டெலும்பு கொத்துகிற பெரிய கத்தி கிடந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். கதவுக்குப் போனாள். பூட்டைக் கொத்தினாள். பொறி பறந்தது. பூட்டு அசையவில்லை. மறுபடியும் கொத்தினாள்.

ஸிபான் பின்னால் வந்து முக்காட்டோடு அவள் கூந்தலைப் பிடித்துச் சுழற்றினான். அவள் முழங்கால் தரையில் அடிபட்டது. அவன் அவளைத் தொட்டியின் பக்கம் இழுத்தான். வாயில் கோழி இரத்தம் கலந்த தண்ணீர் போனது. அவள் கத்தியை விடவில்லை. எழுந்து, திரும்பி, கத்தியின் முதுகுப் பக்கத்தை அவன் மணிக்கட்டில் போட்டாள்.

எலும்பு உடைகிற சத்தம் அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்தான். கோழியில், மாட்டில். நானாவின் கையிலும் அது அப்படியேதான் கேட்டது.

அவன் கத்தி விழுந்தது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். ஹபீலா குனிந்து அவன் பெல்ட்டிலிருந்து சாவியைப் பிய்த்தெடுத்தாள். பெல்ட்டின் தோலோடு சேர்ந்து வந்தது.

கதவு திறந்தது. குளிர் முகத்தில் அடித்தது.

இறைச்சி வரிசைகளுக்குக் கீழே வெள்ளைத் தரையில் ஒரு சிவந்த தடம் மூலைவரை போனது. கதவடியிலிருந்து தட்டுவரை, தட்டிலிருந்து கதவடிவரை. அவன் இழுத்து இழுத்துப் போய் வந்திருக்கிறான். கதவைத் தட்டியது யாருக்கும் கேட்காமல் போனதும் பெட்டிக்குத் திரும்பி, வயரைக் கழற்றிக் கழற்றிச் செருகியிருக்கிறான். இப்போது கதவடியில் கிடந்தான். கம்பளித் தொப்பி இரத்தத்தில் ஊறித் தலையோடு ஒட்டியிருந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் கண் தெரியவில்லை. உதடு நீலம். கை முட்டி தட்டுகிற மாதிரியே மடங்கியிருந்தது.

அவள் அவனை மடியில் இழுத்தாள். மற்றக் கண் திறந்தது.

"நீங்க... சொல்லலயா மிஸ்?"

அவள் முக்காட்டை அவன் தலையில் வைத்து அழுத்தினாள். ஆட்கள் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். தூக்குகிற அவசரத்தில் யாருடைய தோளோ தட்டில் இடித்தது. பெட்டி பொலித்தீனோடு சரிந்து தரையில் விழுந்து உடைந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்டி ஆஸ்பத்திரி விறாந்தையில் மர வாங்கு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹபீலாவின் சட்டையில் இரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. வாங்கின் மறுகோடியில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள், சுரேஸின் தாய். கொழுந்து பறித்த உடுப்போடு வந்திருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை, இடது கண் இனி இல்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டபிறகு அவள் அழக்கூட இல்லை. மகனுடைய கம்பளித் தொப்பியை ஒரு பொலித்தீன் பையில் யாரோ கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மக்கீன் ஹாஜியார் வந்து மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"பொலிஸ் வாரான்," என்றார் காதோடு. "தர ஈரம். வழுக்கி விழுந்து தட்டுல தல அடிபட்டிச்சி. உள்ள ஆள் ஈக்கிண்டு தெரியாமப் பூட்டிட்டாங்க. அவ்வளவுதான் மகள். அந்தப் பையன்ட மருந்துச் செலவெல்லாம் நான் பாக்குறன். நானாட கைய முறிச்சது யாருண்டு நானும் செல்லப் போறதில்ல."

அவள் பேசவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"இனி அந்தப் பெட்டியும் இல்ல," என்றார். குரல் குழைந்தது. "நீ சென்ன மாதிரியே செய்வம். நாளைக்கே கிளவுடுக்குப் போவம். நாலு கடையும் ஒன்ட கையில. ஸிபான் வெட்டுற எடத்தோட நிக்கட்டும். இந்த மொற நான் 'பாப்பம்' செல்லல்ல மகள். சத்தியமாச் செல்றன்."

இரண்டு வருஷமாக அவள் கேட்டது அது. அவர் அதை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டார்.

வாப்பாவின் போன் அடித்தது. கட்டுகஸ்தோட்டை. திரையில் ரிஸ்கானின் பேர். அவர் எடுத்துக் கேட்டுவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் அதை மகளிடம் நீட்டினார். "ஒன்னத்தான் கேக்குறான். என்ன செய்யிறண்டு செல்லு."

அவள் வாங்கவில்லை.

பொலிஸ்காரர் வந்து நின்றார். சிங்களவர். தமிழ் பேசத் தெரிந்தவர். "நீங்களா கதவு திறந்தது? எப்படி விழுந்தது அந்த ஆள்?"

ஹபீலா எழுந்தாள். தொண்டையில் அந்தப் பழைய இடத்தில் குரல் வந்து உட்கார்ந்தது.

"விழல்ல," என்றாள்.

"என்ன? கேக்க இல்ல. சத்தமா சொல்லுங்க."

வாப்பாவின் கை அவள் சட்டையின் ஓரத்தைப் பிடித்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வாங்கின் மறுகோடியைப் பார்த்தாள்.

"அவர் விழல்ல!"

விறாந்தை முழுக்க அது போய் அடித்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பேச்சியம்மா சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"என்ட நானா அடிச்சார். கத்தி தீட்டுற இரும்பால. பொறகு உள்ள வச்சிப் பூட்டினார். நானாட கைய ஒடச்சது நான். சுரேஸ் என்னக் கூப்பிட்டார். 'மிஸ்ஸக் கேளுங்க'ண்டு கத்தினார். நான் மாடிப்படியில நின்டு கேட்டுக்கிட்டு ஈந்தன். எறங்கல்ல. அதையும் எழுதுங்க."

வாப்பாவின் கை சட்டையிலிருந்து விழுந்தது. மற்றக் கையில் இருந்த போனிலிருந்து ரிஸ்கானின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது: "தாத்தா, சனம் நெரியுது தாத்தா. நாங்க என்ன செய்யிற?"